தண்ணீர்ப் பந்தலுக்குப் பட்டா இல்லை

(பட்டிமன்றத் தலைப்பு: ஊர்த் திருவிழாவைத் தாங்கி நிற்பது பக்தியா? கலையா? கொடையா? 'கொடையே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! வலப்பக்கம் பக்தி, இடப்பக்கம் கலை, நடுவிலே மாட்டிக்கொண்ட எங்கள் அணித் தலைவர் அவர்களே! சித்திரை வெயிலில் வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பக்தி பக்தி என்று உருகினார்கள். மீனாட்சியம்மன் கழுத்தில் மங்கல நாண் ஏறுகிற அந்த நிமிஷத்தில், ஆடி வீதியிலும் மாசி வீதியிலும் நிற்கிற பெண்களெல்லாம் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்கிறார்களே, அது பக்தி இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எனக்கே கண் கலங்கியது. அடுத்து வந்த தம்பி, நாதஸ்வரம், கரகம், அழகர் வர்ணிப்பு என்று ஒரே போடாகப் போட்டு, கடைசியில் இரண்டு அடி பாடியும் காட்டிவிட்டார். நீங்களும் கை தட்டிவிட்டீர்கள். எனக்குப் பாடத் தெரியாது. பாடினால் கூட்டம் கலைந்துவிடும். (சிரிப்பு) ஆகையால் நான் பேச மட்டும் செய்கிறேன்.

ஊர்த் திருவிழா என்று தலைப்பு. நான் ஊர் ஊராகப் போகப் போவதில்லை. மதுரையில் நின்றுகொண்டு வேறு திருவிழாவைப் பேசினால் வைகை ஆறு என்னை மன்னிக்காது. ஆகவே சித்திரைத் திருவிழா ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கல்யாணத்துக்கே போவோம். மீனாட்சி கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார். பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க. தாலி கட்டியாயிற்று. அப்புறம் ஊர் என்ன செய்கிறது தெரியுமா? சாப்பிடப் போகிறது! சேதுபதி பள்ளி வளாகத்திலே கல்யாண விருந்து. அம்மா, அப்பா, பாட்டி, இடுப்பிலே குழந்தை என்று குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு அப்படியே போகிறார்களா? மொய் எழுதுகிறார்கள்! ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று பேர் சொல்லி எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நடுவர் ஐயா, மொய் என்பது என்ன? இன்றைக்கு நான் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எழுதினால், நாளைக்கு நீங்கள் என் வீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு சண்டைக்கே வந்துவிடுவோம். இது நம் ஊர் வட்டியில்லாக் கடன். ஆனால் மீனாட்சிக்கு எழுதுகிற மொய் எப்போது திரும்பி வரும்? அவளுக்கு வருஷா வருஷம் கல்யாணம். நாம் வருஷா வருஷம் எழுத வேண்டியதுதான். (சிரிப்பு, கைதட்டல்) திரும்பி வராது என்று தெரிந்தே எழுதுகிறானே ஒரு மதுரைக்காரன், அந்தக் கைக்கு என்ன பெயர்? அம்மையார் பக்தி என்பார்கள். நான் கேட்கிறேன், வெறும் பக்தி என்றால் கும்பிட்டுவிட்டுப் போகலாமே? பையில் கை எதற்குப் போகிறது? 'இது என் வீட்டுக் கல்யாணம், வெறுங்கையோடு போனால் எனக்குக் கேவலம்' என்று நினைக்கிறான் பாருங்கள், அந்த நினைப்புதான் இத்தனை கூட்டத்தையும் ஓர் ஊராக வைத்திருக்கிறது.

அடுத்து அண்ணன் வருகிறார். அழகர் மலையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். அவர் வருவதற்குள் கல்யாணம் முடிந்து, சாப்பாடு முடிந்து, மறுநாள் தேரும் ஓடிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விட்டார் என்று நம் பாட்டிமார் சொன்ன கதை. கோயில் வழக்கப்படி அவர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. அந்த இன்னொரு கதையை மக்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். திருமலை நாயக்கர், 1623 முதல் 1659 வரை ஆண்டவர், மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றி, தேனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த அழகரையும் மதுரைக்கு வரவைத்து இரண்டையும் ஒன்றாக்கினார் என்று சொல்லுவார்கள். மாசியிலே குடியானவனுக்கு வயலில் வேலை. தேர் இழுக்க ஆள் வேண்டுமென்றால் அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கிற மாதம்தானே வசதி? கையில் இருக்கிற காலத்தில்தான் கொடுக்கவும் மனசு வரும். ராஜாவுக்கு அது தெரிந்திருக்கிறது. பேராசிரியர் தொ. பரமசிவன் அவர்கள் அழகர் கோயிலைப் பற்றித் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்து எழுதிய நூலைப் படித்துப் பாருங்கள். ஒரு கோயிலைச் சுற்றி எத்தனை வகை மக்கள், எத்தனை வகை உறவு என்று ஊர் ஊராய் அலைந்து எழுதியிருக்கிறார். நாங்களெல்லாம் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பட்டம் வாங்கியவர்கள்.

சரி, அழகர் வந்துகொண்டிருக்கிறார். வழியெல்லாம் மண்டகப்படி. நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒரு குடும்பம், ஒரு வணிகர் சங்கம், ஒரு தெரு என்று ஒவ்வொருவரும் சாமியை நிறுத்தி, ஆராதனை செய்து, பிரசாதம் கொடுத்து அனுப்புகிறார்கள். இதைத்தானே கொடை என்று சொல்லப்போகிறேன் என்று எதிரணியில் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சொல்லமாட்டேன்!

ஏனென்றால் மண்டகப்படி என்பது உரிமை. என் தாத்தா காலத்திலிருந்து எனக்கு உண்டு, உனக்கு இல்லை. உரிமை வந்தால் கூடவே வரிசை வரும். வரிசை வந்தால் முதல் மரியாதை வரும். முதல் மரியாதை வந்தால்... நான் சொல்ல வேண்டாம், காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்பதற்காகத் தேர் நின்றுபோயிருக்கிறது! சாமி தயார், மேளம் தயார், கட்டுகிற துணிதான் தகராறு. நண்பர்கள் அதைச் சுட்டிக்காட்டி, 'இதுதானா உங்கள் கொடை' என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கொடுக்கிற இடத்தில் இன்னொருவனைத் தள்ளி நிறுத்தினால் அதை எங்கள் அணி கணக்கில் எழுதாதீர்கள், ஐயா.

நான் பேச வந்தது அந்த மண்டபத்துக்குப் பக்கத்திலே, சாக்கடை ஓரமாக, நாலு மூங்கில், இரண்டு தென்னங்கீற்று வைத்துப் போட்டிருக்கிறானே, அந்தத் தண்ணீர்ப் பந்தலைப் பற்றி. அதற்கு உரிமை கிடையாது. பரம்பரை கிடையாது. பட்டா கிடையாது. (கைதட்டல்) எவன் வேண்டுமானாலும் போடலாம். எவன் வேண்டுமானாலும் குடிக்கலாம். குடிக்கிறவனை 'நீ எந்தத் தெரு' என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

எங்கள் தெரு முனையில் ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். நாலு சக்கரத் தள்ளுவண்டி, கரிப்பெட்டி, மேலே ஒரு தகரம். அவ்வளவுதான் சொத்து. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளைக்கு முதல் நாள் மாலை, பெட்டியை இறக்கிவிடுவார். கரியை மூட்டை கட்டிவிடுவார். வண்டியைச் சாம்பல் போகத் தேய்த்துக் கழுவி, இரண்டு மண்பானையை ஏற்றி, ஈரத்துணி சுற்றிவிடுவார். ஒன்றிலே மோர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி தட்டிப்போட்டு, பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி, உப்பு சரியா என்று தெருவில் போகிறவர்களிடமே கொடுத்துப் பார்ப்பார். இன்னொன்றிலே பானகம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழம். விடியக்காலை மூன்று மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பிவிடுவார். அன்றைக்கு அவருக்கு வருமானம் கிடையாது. அதற்கு முந்தின நாலு நாளும் ராத்திரி பதினோரு மணி வரை இஸ்திரி போட்டிருப்பார். திருவிழாவுக்குப் புதுத்துணி உடுத்துகிறவர்களுக்கெல்லாம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்துவிட்டு, அவர் மட்டும் பழைய கைலியோடு நிற்பார்.

ஒரு வருஷம் அவருக்கு முழங்கால் வலி. 'சார், ஒரு மணி நேரம் கரண்டியைப் பிடிங்க' என்றார். நானும் பிடித்தேன். முனைவர் பட்டம் வாங்கிய கை! பத்து நிமிஷத்தில் தோள்பட்டை விட்டுப்போகிறது. மனிதர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மொட்டைத் தலையோடு ஒருவர். அழகர் வேஷம் போட்டு, தோல் பையிலே தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஒருவர். திரி எடுத்து ஆடிவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட ஒருவர். நடுவிலே ஒரு பொடியன், ஏழெட்டு வயசு இருக்கும், மூன்றாவது தடவை வந்து நிற்கிறான். பக்கத்தில் நின்ற இஸ்திரிக்காரரின் மகன், 'ஏலேய், எத்தனை தடவைடா வருவே?' என்று அதட்டினான். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: 'ஊத்துடா. தாகத்துக்கு ரேஷன் கார்டு உண்டா?' (கைதட்டல்)

எவ்வளவு செலவாகிறது என்று கேட்டேன். 'கணக்குப் பார்த்தா மோர் புளிச்சுப்போயிடும் சார்' என்றார். நான் நாற்பது வருஷமாகத் தமிழ் படிக்கிறேன். கொடையைப் பற்றி எத்தனையோ உரை எழுதியிருக்கிறார்கள். இந்த உரையை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

கொடுக்கப் பணம் வேண்டுமே என்பீர்கள். பணமே இல்லாதவன் என்ன கொடுக்கிறான்? பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு நின்று, போகிற வருகிற முகங்களுக்கெல்லாம் வீசிக்கொண்டிருந்த ஒரு கிழவியை நான் ஆற்றங்கரையில் பார்த்திருக்கிறேன். காற்று யாருடைய சொத்து? செப்பு நிறையச் சர்க்கரை, மேலே வாழை இலை, அதன்மேல் சூடம் என்று அழகருக்குக் காட்டிவிட்டு, அந்தச் சர்க்கரையை முன்பின் தெரியாதவர் கையில் ஆளுக்கொரு சிட்டிகை வைக்கிறார்கள் நம் பெண்கள். கோரிப்பாளையம் பக்கம் இஸ்லாமிய நண்பர்கள் மோர் கொடுப்பதை மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அழகரும் சும்மா இல்லை, வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்றுதானே ஜனங்கள் சொல்கிறார்கள்! சாமியே உறவு கொண்டாடும்போது ஒரு தம்ளர் மோரிலே யார் சுவர் எழுப்புவது?

இப்போது கலை அணித் தம்பிக்கு வருகிறேன். வர்ணிப்புக்காரர்களைச் சொன்னீர்கள். ராத்திரி முழுக்க, ராமராயர் மண்டபத்தில் அழகர் தசாவதாரம் காட்டுகிற நேரத்திலும், வெளியே கூட்டத்துக்கு நடுவில் நின்று பாடுகிறார்களே, அவர்களில் பலபேர் கூலிக்கா பாடுகிறார்கள்? பகலிலே மூட்டை தூக்குகிறவர், கொத்தனார் வேலை பார்க்கிறவர், அன்றைக்குத் தன் குரலைக் கொண்டுவந்து ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். தம்பி, நீங்கள் கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறார்! (சிரிப்பு)

அம்மையார் அவர்களே, உங்கள் பக்திக்கும் ஒன்று சொல்கிறேன். அழகர் மேலே தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, ஏன்? 'மலையிலே குளுகுளுவென்று இருந்தவர், வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், சூடு தாங்கமாட்டார்' என்று. சாமிக்கே தாகம் எடுக்கும் என்று இரக்கப்பட்ட ஊர் ஐயா இது. ஆற்றிலே தண்ணீர் இல்லாத வருஷத்தில் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி அவரை இறக்கிய ஊர். வரம் கேட்கப் போன இடத்தில் சாமிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார்கள். அதிலும் இப்போது தோல் பையை விட்டுவிட்டு மோட்டார் வைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று 2024இல் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. அன்பாகத் தெளிப்பதற்கும் தீயணைப்பு வண்டி மாதிரி அடிப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லையே நமக்கு!

பந்தலும் மாறிக்கொண்டுதான் வருகிறது. கொடுக்கிறவர் படம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கொடுக்கிற தம்ளர் விரல் உயரம். (சிரிப்பு) குடித்துவிட்டுப் போட்ட காகிதக் கோப்பையும் பிளாஸ்டிக்கும் சாமி போன பிறகு வீதி முழுக்கக் கிடக்கின்றன. மறுநாள் விடியற்காலையில் துடைப்பத்தோடு வருகிற துப்புரவுப் பணியாளர் திருவிழாவைப் பார்த்தாரா? அவருக்கு யார் மோர் கொடுத்தது? இதையும் எங்கள் அணியில் இருந்துகொண்டே நான்தான் கேட்க வேண்டும். வெளியில் விட்டால் எதிரணி கேட்டுவிடும்.

2022ஆம் ஆண்டு, இரண்டு வருஷம் அடைந்து கிடந்த ஏக்கத்தில் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். நெரிசலில் இரண்டு உயிர் போயிற்று. அங்கே பக்தி குறைவாக இருந்ததா? இல்லை. மேளத்துக்குக் குறைச்சலா? இல்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து, பக்கத்தில் இருக்கிறவருக்கு மூச்சுவிட இடம் கொடுக்க அந்தக் கூட்டத்துக்கு வழியில்லாமல் போயிற்று. அதற்கு ஏற்பாடு செய்வது அதிகாரிகள் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் வழிவிடுவதும் ஒரு கொடைதான், அம்மா. காசு செலவில்லாத கொடை. 'தாயி, பிள்ளையை வச்சிருக்கியா, முன்னாடி போ' என்று ஒருவன் சொல்கிறானே, அவன் மண்டகப்படிக்காரனைவிடப் பெரியவன்.

இலக்கியம் பேசாமல் போனால் கல்லூரியில் என் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். ஒரே ஒரு செய்தி. நம்முடைய மணிமேகலை எங்கே தொடங்குகிறது? திருவிழாவில்! புகார் நகரத்து இந்திர விழா, இருபத்தெட்டு நாள். ஊரை அலங்கரியுங்கள், தெருவிலே பழைய மணலை எடுத்துவிட்டுப் புது மணல் பரப்புங்கள் என்று முரசறைகிறார்கள். அந்த அறிவிப்பிலேயே நம்மவர்களையும் கூப்பிடுகிறார்கள். வாதம் செய்ய வல்லவர்கள் பட்டிமண்டபத்தில் ஏறலாம் என்று! அந்தக் காலத்திலும் நாம் இருந்திருக்கிறோம் ஐயா; தொலைக்காட்சிதான் இல்லை. (சிரிப்பு) அந்த வருஷம் விழாவில் ஆட வேண்டிய மாதவியும் மகளும் ஆட வரவில்லை. ஊரே பேசுகிறது. சாத்தனார் என்ன செய்தார்? ஆடலைத் துறந்த அந்தப் பெண் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்தார். அமுதசுரபி. ஆதிரை இட்ட முதல் பிச்சையோடு அது நிறைந்தது. தீராப் பசிக்காரி காயசண்டிகை உண்டாள். கடைசியில் அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். விழாவிலே தொடங்கிய கதையைப் புலவர் சோற்றுக்குக் கொண்டுபோனார். ஆடலரங்கத்துக்குக் கொண்டுபோகவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டே நிமிஷம், நடுவர் ஐயா.

2020. கொரோனா. மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்கள் இல்லாமல் சிவாச்சாரியார்கள் சிலர் மட்டும் இருந்து நடத்தினார்கள். நாமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தோம். அம்மையாரும் பார்த்திருப்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பெண்கள் வீட்டிலேயே தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். பக்திக்கு என்ன குறை? மேளம் கேட்டது. பழைய வர்ணிப்பு ஒலிநாடா இருக்கிறது, போட்டுக் கேட்டோம். கலைக்கு என்ன குறை? அழகர் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. 2021லும் இறங்கவில்லை, கோயிலுக்குள்ளேயே நடந்தது.

அந்த இரண்டு வருஷமும் 'திருவிழா நடக்கலையே' என்று மதுரை அழுததே, எதற்கு? சாமியைப் பெட்டிக்குள்ளே பார்த்துவிட்டோம். பாட்டைப் பெட்டிக்குள்ளே கேட்டுவிட்டோம். ஒரு தம்ளர் மோரைத் தொலைக்காட்சி வழியாக யாருக்காவது கொடுக்க முடிந்ததா? (பலத்த கைதட்டல்)

அந்த இஸ்திரிக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். 2022இல் லீவு போட்டுவிட்டு வந்தான். வண்டியை விற்றுவிட்டார்கள், பானையும் இல்லை. கடையிலே நாலு கேன் தண்ணீர் வாங்கி, வாடகை நாற்காலி இரண்டு போட்டு, அதன்மேல் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். 'மோர் போடத் தெரியல சார், தண்ணிதான்' என்றான். வாங்கிக் குடித்தேன்.

மூன்றாவது மணியும் அடித்துவிட்டது. தீர்ப்புச் சொல்ல எழுந்திருக்கும் முன்னால், ஐயா, உங்கள் மேசையில் யாரோ ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் அதைக் குடியுங்கள்.